தீக்குப் பயந்த லில்லி அக்கா

சுடலை வண்டியை நிறுத்திய விதமே சரியில்லை. வீடுவீடாக சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுகிறவர் அவர். காலையில் செட்டியார்பட்டிக்கு ஏற்றிக்கொண்டு போன நிறை சிலிண்டர்கள் ஒன்றுகூட இறங்காமல் அப்படியே எங்கள் கேஸ் ஏஜென்சி வாசலுக்குத் திரும்பி வந்திருந்தன. கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தலைத்துண்டை அவிழ்த்தார்.

“லில்லியக்கா போயிட்டாவ, செல்வியக்கா. தூக்கத்துலயே போயிட்டாவளாம். காப்பி கொண்டுபோயி எழுப்பினா எந்திரிக்கலையாம்.”

எதிரே நின்ற வாடிக்கையாளரிடம் “சிலிண்டர் நாளைக்கு வந்திரும்” என்றேன். பாவம், அவர் கேட்டது சிலிண்டரை இல்லை, பழுதான ரெகுலேட்டருக்கு மாற்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு ரெகுலேட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அன்று மத்தியானம் வரை யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுபோல ஊரின் சத்தமெல்லாம் எங்கோ மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எண்பதுகளில் கேஸ் அடுப்பு வாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் அடுப்பை முதன்முதலாகப் பற்றவைத்த நாளை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் பருத்திப் புடவை கட்டி, முந்தியை இழுத்து இடுப்பில் செருகி, கொண்டையில் ஒரு துண்டு மல்லிகை வைத்து ஒருவர் நின்றிருப்பார். புதுக் கனெக்‌ஷன் கிடைத்த வீட்டுக்கு ஏஜென்சி சார்பில் போய் அடுப்பை எரித்துக் காட்டுவது அவர் வேலை. நீங்கள் அவரை ‘டெமோ அக்கா’ என்றீர்கள். லில்லி புஷ்பம் என்ற பெயர் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

இளைய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று எங்கள் ஊர்களில் சாயங்காலம் என்பதே புகையாகத்தான் வரும். பருத்தி வெடித்து ஓய்ந்த காலத்தில் அடுப்பில் எரிவது பருத்திமார் என்னும் காய்ந்த செடி, மற்ற நாளெல்லாம் சீமைக்கருவேல முள். எல்லா வீட்டு ஓட்டுக்கூரைகளிலும் புகை கசிந்து தெருவில் இறங்கும். அதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பாதி மறைந்து மிதக்கும். பஸ்ஸிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கனவுபோல அழகு. அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்று அடுப்படியில் குனிந்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். என் அம்மா அப்படிக் குனிந்திருந்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. நான் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அம்மாவால் வாசல் தெளித்து நிமிர்ந்தால் ஒரு வார்த்தை பேச முடியாது. டாக்டர் முதலில், “வீட்ல பீடி குடிப்பீங்களாம்மா?” என்று அவளையே கேட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்தில் இருமல் இன்னும் கூடிவிட்டது. பிறகு அவர் என்னைத் தனியாக அழைத்து, “ஒண்ணு அந்தப் புகை நிக்கணும், இல்லேன்னா இந்த மூச்சு நிக்கும்” என்றார். அதன்பிறகு எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

லில்லி அக்காவுடன் டெமோவுக்குத் துணையாகப் போகும்படி முதலாளி என்னை அனுப்பினார். முதல் நாளே ஓர் உண்மை தெரிந்துவிட்டது. அந்த அம்மாளுக்குத் தீயென்றால் பயம். சாதாரண பயமில்லை. தீக்குச்சியை உரசும்போது விரல் நடுங்கும்; உதட்டில் ஏதோ ஜெபம் ஓடும். வீட்டுக்காரர்கள் அதைக் கவனிக்காமல் இருக்கச் சத்தமாகப் பேசிக்கொண்டே உரசுவார். வெளியே வந்ததும் நான் கேட்டுவிட்டேன்: “ஏன்க்கா, தண்ணிக்குப் பயந்தவ தோணி ஓட்ட வந்த கதையால்ல இருக்கு?”

சிரித்தார். “பயந்தவதாம்ட்டி சொல்லிக் குடுக்கணும். தைரியசாலிய விட்டா நாலு வீட்டக் கொளுத்திட்டு வந்திருவா” என்றார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவராகச் சொன்னதில்லை. தளவாய்புரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது, சீர்வரிசையில் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் ஒன்று பளபளவென்று இருந்தது. மணப்பெண் நைலக்ஸ் புடவையில் இருந்தாள். லில்லி அக்கா அவளைத் தனியாக அழைத்து, “தாயி, இந்தப் புடவைய கோயிலுக்குக் கட்டு, குளத்துக்குக் கட்டு. இந்த ஸ்டவ்வுக்கு முன்னால மட்டும் கட்டாத. இது எரியாது, உருகி ஒட்டிக்கிடும்” என்றார். நல்ல நாளில் இப்படியொரு பேச்சா என்று பெண்ணின் அத்தை முகத்தைச் சுளித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “எங்கூடப் படிச்சவ ஒருத்தி. அவளும் புதுப்பொண்ணுதான்” என்று மட்டும் சொன்னார். மேற்கே மலை வெயிலில் கரைந்துகொண்டிருந்தது.

ஆனால் அவர் எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் அடுப்புக்குப் ‘பொய்யி’ என்று பேர். ஒரு வீட்டில் ஒரு பெரியம்மா, “மா பொய்யி உண்டகா, இந்த கேஸ் எதுக்கு?” என்று விறகடுப்பைக் காட்டிக் கேட்டார். எங்க அடுப்பு இருக்கும்போது இது எதற்கு என்று பொருள். லில்லி அக்கா அசரவில்லை. “நீங்களே பொய்யின்னு சொல்லிட்டிய. இந்தா பாருங்க, இது மெய்யி!” என்று திருகைத் திருப்பிக் குச்சியைக் காட்டினார். நீலமாகப் பூத்த தீயைப் பார்த்துவிட்டு அந்த வீடு முழுக்கச் சிரித்தது.

கேஸ் வந்த வீடுகளில் எங்களுக்கு இருந்த பெரிய தலைவலி பக்திதான். புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் நாம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டுவோம். சைக்கிளுக்குச் செய்தோம், தறிக்குச் செய்தோம், சிலிண்டருக்கு மட்டும் செய்யாமல் இருப்போமா? கான்சாபுரத்திலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்த ஒரு குடும்பத்தில் நாங்கள் போவதற்குள் சிலிண்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ரெகுலேட்டர் இடுக்கில் ஊதுபத்தியைச் செருகியிருந்தார்கள். வீட்டுக்காரர் சிலிண்டரின் தலைமேலேயே சூடத்தை வைத்து, ஏற்றத் தீப்பெட்டியை எடுத்துவிட்டார். லில்லி அக்கா மாதாவைக் கும்பிடுகிறவர்; அவர் அங்கே சூடத்தை ஏற்றாதே என்று சொன்னால் அது வேறு விவகாரமாகிவிடும்.

“அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்க” என்றார். “புதுப்பொண்ண வீட்டுக்குள்ள கூப்பிட்டு வந்தா ஆலாத்திய எங்க எடுப்பிய? அடுப்படியிலயா? வாசல்லதான? இவளும் புதுப்பொண்ணு. வெளிய கொண்டு போயி, வாசல்ல வச்சு, தூரத்துல நின்னு சுத்திப் போட்டுட்டு, சூடத்தத் தெருவுல போட்டுட்டு, பொறவு வலது கால எடுத்து வச்சு உள்ள கொண்டு வருவோம்.”

வீட்டுக்காரர் மனைவிக்கு அது பிடித்துப் போனது. சிலிண்டருக்கு ஏது வலது கால் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று முதல் எல்லா வீட்டிலும் வாசல் ஆலத்திதான். இன்றைக்கும் சில தெருக்களில் அது நடக்கிறது. நம் பாட்டன் காலத்துச் சம்பிரதாயம் என்றுகூடச் சொல்கிறார்கள். இல்லை. அது லில்லி அக்கா வைத்த சம்பிரதாயம்.

என் அம்மாவிடம் மட்டும் இந்தச் சாமர்த்தியம் எதுவும் எடுபடவில்லை. பெண் கிடைத்தாலும் கேஸ் கிடைக்காத காலத்தில் ஏஜென்சிக்காரி என்பதால் எனக்கு ஒரு கனெக்‌ஷன் கிடைத்திருந்தது. அம்மா அந்த சிலிண்டருக்கு ஒரு பழைய சேலையைப் போர்த்தி, மேலே காய்கறிக் கூடையை வைத்துவிட்டாள். முருங்கைக்காய் வைக்க வாகாக இருந்தது என்பாள். “கேஸ்ல ஆக்கினா வயித்துலயும் கேஸ் வரும்” என்பது ஊரே சொன்ன பேச்சு. அம்மா அதற்கு ஒரு படி மேலே. “வயித்துல வந்தா ஓமத்தண்ணி குடிச்சு வெளிய அனுப்பலாம். வீட்டுக்குள்ள வந்தா எதக் குடிச்சு அனுப்ப?” இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நான் அழுததை லில்லி அக்காவிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். டெமோக்காரியாக இல்லை, விருந்தாளியாக. வந்து உட்கார்ந்ததும், “அம்மா, ஒரு வாய் காப்பி தாங்க. ஆனா எனக்குப் புகைபட்ட பால் குடிச்சா ஆகாது. இந்தக் கூடைய மட்டும் நான் எறக்கி வைக்கட்டுமா?” என்றார். கேட்டுவிட்ட விருந்தாளிக்குக் காப்பி இல்லை என்று சொல்ல அம்மாவால் முடியாது. லில்லி அக்கா டியூபை மாட்டி, எங்காவது கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, நடுங்கும் விரலால் குச்சியை உரசி அடுப்பை ஏற்றிக் கொடுத்தார். அம்மா பாலை வைத்தாள். நாங்கள் முன்வாசல் அறையில் வந்து உட்கார்ந்தோம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விளக்கையும் அடுப்பையும் ‘அணை’ என்று வீட்டுப் பெண்கள் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் குடும்பத்துக்கு ஆகாது. ‘மலையேத்து’ என்போம். சின்ன வயதில், ஊரில் மலையேறிய தீயெல்லாம் மேற்கு மலையில் போய் உட்கார்ந்திருக்கும் என்று நம்பியவள் நான். கோடையில் காட்டுத்தீ சரம்சரமாக மலையில் தெரியும்போது, அதில் எங்கள் வீட்டுத் தீ எது என்று தேடுவேன். கம்பெனி கொடுத்த அட்டையில் ‘அடுப்பை அணைக்கவும்’ என்று அச்சடித்திருந்ததை லில்லி அக்கா எந்த வீட்டிலும் வாய்விட்டு வாசித்ததில்லை. அவரும் மலையேத்துங்க என்றுதான் சொல்வார். மனிதர் மனம் நோகக் கூடாது என்ற எண்ணம்.

பால் பொங்கும் வாசம் வந்தது. லில்லி அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். “அம்மா, மலையேத்திருங்க!”

“ஆச்சு, மலையேத்திட்டேன்” என்றாள் அம்மா. காப்பியோடு வந்தாள். முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. மூவரும் பேசிக்கொண்டே குடித்தோம். திடீரென்று லில்லி அக்காவின் கையில் டம்ளர் நின்றுவிட்டது. மூக்கைத் தூக்கினார்.

“அம்மா, எப்படி மலையேத்துனிய?”

“எப்படி ஏத்துவாக? நாலு சொட்டுத் தண்ணி தெளிச்சேன். புஸ்ஸுன்னு போயிருச்சு.”

விறகடுப்பைக் காலமெல்லாம் அப்படித்தான் அவள் மலையேற்றினாள். தீ போயிருந்தது. திருகு திறந்தே இருந்தது. ஜன்னலில்லாத அந்த அடுப்படியின் மூலையில், கேஸ் போய்ப் படிகிற தரையோடு தரையாக ஒரு மணையின்மேல், வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“செல்வி, அம்மாவத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போ. சுவிச்சுல கை வைக்காத” என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, தீயைக் கண்டால் நடுங்குகிற அந்த அம்மாள் உள்ளே போனார். நான் அம்மாவை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குமேல் அவள் நகரவில்லை. இருவரும் அங்கிருந்தே பார்த்தோம். அவர் திருகை மூடினார். சிலிண்டர் தலையையும் மூடினார். பின்கதவை விரியத் திறந்தார். பிறகு விளக்கின் முன்னால் மண்டியிட்டார். கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்தார். திரியின்மேல் அந்தப் பூவை வைத்து, குழந்தையின் கண்ணை மூடுவதுபோல மெதுவாக அழுத்தினார். பின்கதவு வழியே வந்த அந்தி வெளிச்சத்தில், எல்லாம் மிக மெதுவாக, சத்தமே இல்லாத ஒரு கனவில் நடப்பதுபோல நடந்தது. இன்றும் நான் அதைக் கனவாகத்தான் காண்கிறேன்.

பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்க் குடித்த காப்பியை எல்லாம் வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டே, “ஊதியிருக்கலாமேக்கா. ஒரு நொடியில போயிருக்கும்” என்றேன்.

“வெள்ளிக்கிழம விளக்க ஊத முடியுமாட்டி? உங்க அம்மா பாத்துக்கிட்டு நிக்காவ” என்றார். கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா வந்தாள். கருகிய மல்லிகையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். “எம்புட்டுப் பயந்துக்கிட்டுப் போன... பயந்துக்கிட்டே பூ வச்சியே, தங்கச்சி” என்றாள். பிறகு சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, “அந்தத் திருகு எந்தப் பக்கம் மூடணும்னு சொல்லு. நான் படிக்கேன்” என்றாள். டாக்டர் சொல்லியும் நான் அழுதும் நடக்காதது அந்தப் பூவில் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விறகு வாங்கவில்லை.

லில்லி அக்கா அந்த வாரமே சொல்லை மாற்றினார். பஸ்ஸில் வரும்போது, “தப்பு உங்க அம்மாமேல இல்ல செல்வி. நான் சொன்ன வார்த்தையில இருக்கு. மலையேத்துன்னா தண்ணி தெளிப்பாக, ஊதுவாக, அவுகளுக்குத் தெரிஞ்சது அதான்” என்றார். நிறைய யோசித்து, “வாயக் கட்டுங்க” என்ற சொல்லைக் கண்டுபிடித்தார். “நீங்க தீய ஒண்ணும் செய்யாதிய. சிலிண்டர் வாயக் கட்டுங்க. தீ தானா மலையேறிக்கிடும்.” அணைக்கவும் சொல்லவில்லை, மலையேற்றவும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் மருமகள் முன்னால், “வாயக் கட்டுங்க ஆச்சி” என்று சொல்லப்போய் மாமியார் மூன்று தெருவுக்குக் கேட்கச் சண்டைக்கு வந்த கதையும் உண்டு. ஆனால் சொல் நின்றுவிட்டது. பஸ்ஸுக்குக் கிளம்பும் பெண்கள் தெருவில் ஒருவரை ஒருவர், “வாயக் கட்டியாச்சா?” என்று கேட்டுக்கொள்வதை வெளியூர்க்காரர்கள் விரதம் என்று நினைத்திருக்கலாம்.

அம்மாவின் இருமல் ஒரே நாளில் போய்விடவில்லை. காலமெல்லாம் குடித்த புகை அவ்வளவு சீக்கிரம் இறங்குமா? டாக்டரும் முழுசாகப் போகாது என்றே சொன்னார். முதலில் கண்ணில் நீர் வடிவது நின்றது. பிறகு படுத்துத் தூங்கினாள். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குவாள். பொங்கலுக்கு அடித்த வெள்ளை அடுத்த பொங்கல்வரை வெள்ளையாகவே இருந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் விடிந்ததும், “ஏட்டி, என் கனவுல எப்பவும் ஒரு புகை இருக்கும். செத்துப்போன உங்க அப்பா வந்தாக்கூட முகம் தெரியாது. நேத்து தெளிவாத் தெரிஞ்சாரு” என்றாள்.

இப்போது எங்கள் ஏஜென்சியில் தனியாக டெமோக்காரர் கிடையாது. லில்லி அக்கா வேலையிலிருந்து நின்ற பிறகும், அவர் ஊரான செட்டியார்பட்டியில் யார் வீட்டிலாவது கேஸ் வாடை வந்தால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் நடுங்கிக்கொண்டே போய் மூடிவிட்டு வந்தார்.

அடக்கத்துக்கு அம்மாவும் வந்தாள். வேண்டாம், தூரம், வெயில் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, சர்ச் தாண்டி, கல்லறைத் தோட்டம்வரை என்னோடு நடந்தாள். சாமியார் ஜெபம் வாசித்து முடித்தார். கூடியிருந்தவர்கள் பாட்டு முடிந்து ஓர் அமைதி விழுந்தது. அந்த அமைதியில், யாரையும் கேட்காமல், பெட்டியின் தலைமாட்டில் நின்று என் அம்மா ஒப்பாரி எடுத்தாள்.

“பொகையில கெடந்தவளப் பொழுதுகாண வச்சவளே,
தீயக்கண்டு நடுங்கினவளே, திரும்பாமப் போறவளே...”

சர்ச்சுக்காரர்கள் திகைத்துத் திரும்பினார்கள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தப் போனேன். சாமியார் வேண்டாம் என்று தலையசைத்தார். அம்மா பாடினாள். அடிக்கு அடி குரலை ஏற்றி, நீட்டி, மூச்சை ஓரிடத்தில்கூட உடைக்காமல், ஒருமுறைகூட இருமாமல் பாடினாள். குழிக்கு மேலே அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. நான் அவள் பக்கத்திலேயே நின்று அழுதேன்.

லில்லி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரலைத்தான். அதற்குமுன் என் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. அவளுக்குப் பாட்டு வரும் என்பதே எனக்குத் தெரியாது.